காற்று எந்தப் பக்கம் போகிறது?

பத்திரிகைப் பணியில் இருந்த நாற்பது ஆண்டுகளில் அரசியலையும் யுத்தத்தையும் எழுதியே என் பேனா தேய்ந்தது. ஒரு காரின் மின்விசிறியைப் பற்றி நான் எழுதுவேன் என்று அன்று யாராவது கூறியிருந்தால் சிரித்திருப்பேன். ஆயினும், நாவற்குடாவில் அக்கா வீட்டு வளவில் நிற்கும் பழைய மொறிஸ் மைனர் கார் கடந்த கச்சான் காலம் முழுவதும் எங்களைப் படுத்திய பாட்டையும், அது தீர்ந்த விதத்தையும் எழுதித்தான் ஆகவேண்டும் என்று தோன்றுகிறது. இத்தகைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, விற்பதா வைத்திருப்பதா என்று தடுமாறுவோர் யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் பினாங்கிலும் இருக்கக்கூடும். அவர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படலாம்.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னாளில் 'மினி' காரையும் உருவாக்கியவர். பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது கார் இதுவே. உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. இலங்கையில் அது அதிபர்களின் கார், வைத்தியர்களின் கார், தபாலதிபர்களின் கார். யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்த் தரிப்பிடங்களை ஒஸ்ரின் சமசெற் வகை ஆண்டது போல, கிழக்கில் நடுத்தரக் குடும்பங்களின் வாசல்களை மொறிஸ் மைனர் ஆண்டது.

இவை இன்றுவரை ஓடுவதற்குப் பழம்பொருள் மீதான மோகம் மட்டும் காரணமன்று. இந்த நாட்டில் இறக்குமதிக் கதவு பலமுறை மூடப்பட்டது. 1960களின் கட்டுப்பாடுகள், 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரம், பின்னர் யுத்தகாலப் பொருளாதாரத் தடை என்று ஒவ்வொன்றாக வந்தன. 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காதபோது, ஒரு சொட்டுப் பெற்றோலை ஊற்றி உயிர்கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த ஆங்கிலேயக் கார்கள்தாம். அண்மையில் 2020 மார்ச் மாதம் தொடக்கம் 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. கதவு மூடப்படும் ஒவ்வொரு தடவையும், கொட்டிலில் கிடந்த பழைய கார் மீண்டும் வீதிக்கு வந்தது.

எங்கள் கார் 1958 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். இலக்கத் தகட்டில் '1 ஸ்ரீ'. அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி 1957, 1958 ஆம் ஆண்டுகளில் நடத்திய இயக்கத்தை மூத்த வாசகர்கள் அறிவர். "எழுத்துக்குத் தார் பூசின காலத்தில் பிறந்த வண்டி" என்று அத்தான் வேடிக்கையாகக் கூறுவார். ஆசிரியராயிருந்த அவர் இதனை 1974 இல் இரண்டாம் கையாக வாங்கினார். 1978 நவம்பர்ப் புயலில் கொட்டில் சரிந்து விழுந்தபோதும், 2004 டிசெம்பர் 26 அன்று கடல் வளவுக்குள் புகுந்து சில்லுகளை மூடியபோதும் அவரே அதைக் கழற்றிக் கழுவி மீட்டெடுத்தார். 2011 இல் அவர் காலமானார். அதன் பிறகு சாரதி நான்.

அக்காவுக்கு முள்ளந்தண்டில் வருத்தம். முச்சக்கர வண்டியின் குலுக்கல் அவருக்கு ஆகாது. பேருந்துப் படியில் கால் வைக்க இயலாது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மட்டக்களப்பு நகரிலுள்ள வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போக வேண்டும். மைனர் காரின் முன் ஆசனத்தை அத்தான் அவருக்கென்றே ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருந்தார். அந்த ஆசனத்தில் மட்டும் அவர் முகம் சுளிக்காமல் இருப்பார். ஆகவே, கார் நின்றால் கிளினிக்கும் நிற்கும். எங்களுக்கு அது பொழுதுபோக்குப் பிரச்சினையன்று.

கார் கொதித்த கதைக்கு வருகிறேன். இந்த எஞ்சினின் சொந்த விசிறி, தண்ணீர்ப் பம்பின் அச்சில் பூட்டப்பட்டு பெல்ற்றினால் சுழல்வது. எஞ்சின் வேகமாக ஓடினால் அதுவும் வேகமாகச் சுழலும். எஞ்சின் மெதுவானால் அதுவும் மெதுவாகும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும் என்பதால் விசிறி தேவையில்லை. நெரிசலில் நிற்கும்போதுதான் தேவை. ஆனால் அப்போதுதான் அது சோம்பிக் கிடக்கும். தேவை கூடும் வேளையில் வேலை குறையும் ஏற்பாடு இது. ஆங்கிலேயக் குளிருக்கு அது போதும். மட்டக்களப்பின் கச்சான் வெயிலுக்குப் போதாது.

கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வாகனம் போக முடியும். ஆளுநர் மன்னிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய அந்தப் பாலத்தின் வாயிலில் எதிர்த்திசை வாகனங்கள் கடந்து முடியும்வரை காத்திருப்போம். யுத்தகாலத்தில் அதனோடு சோதனைச் சாவடியும் சேர்ந்துகொண்டது. அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு, பொனற்றைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்கள் பலர். 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்துக் காத்திருப்பு ஒழிந்தது. அரசடிச் சந்தியின் பள்ளிக்கூட நேர நெரிசல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதற்குப் பரிகாரமாகத்தான் கடந்த ஆண்டு நகரிலுள்ள கராஜ் ஒன்றில் பழைய விசிறி இதழ்களைக் கழற்றிவிட்டு, யப்பானியக் கார் ஒன்றிலிருந்து எடுத்த மின்விசிறியை றேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் பொருத்தினார்கள். றேடியேற்றர் சூடானதும் தானே இயங்கவைக்கும் வெப்பச் சுவிச்சும் ஒரு றிலேயும் அதனோடு வந்தன. ஏற்பாடு சரியானது. எஞ்சினின் வேகத்தோடு தொடர்பில்லாமல், தேவையான வேளையில் முழு வேகத்தில் சுழலும் விசிறி அது.

ஆனால், முதல் நாளே வெப்பச் சுவிச்சு இயங்கியதும் பியூஸ் போயிற்று. மாற்றினார்கள், மீண்டும் போயிற்று. "றிலே பழுது" என்று வேறு றிலே போட்டார்கள், அதுவும் அவ்வாறே. இறுதியில் றிலேயையே கழற்றி வீசிவிட்டு, டாஷ்போட்டில் ஒரு சுவிச்சைப் பூட்டி விசிறிக்கு நேரடி வயர் இழுத்தார்கள். இப்போது விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது. ஆனாலும் கார் முன்னரைவிடச் சீக்கிரம் கொதித்தது!

இன்னும் ஒரு விந்தை இருந்தது. காத்தான்குடியைத் தாண்டி ஆரையம்பதிப் பக்கம் வீதி வெறுமையாக இருக்கையில், விசிறியை நிறுத்தினால் அத்தான் பொருத்தி வைத்த வெப்பமானியின் ஊசி கீழே இறங்கியது, போட்டால் ஏறியது. குளிர்விக்க வந்த பொருள் சூடேற்றுகிறது என்று கராஜில் கூறினேன். சிரித்தார்கள். "எஞ்சின் முடிந்துவிட்டது, ஐயா" என்பது அவர்களின் தீர்ப்பு. பழைய எஞ்சினைக் கழற்றி யப்பானிய எஞ்சின் வைக்கலாம் என்றார்கள். கணக்குப் பார்த்தால் ஆறு இலட்சம் ரூபாவைத் தாண்டியது. செய்தி பரவி, கொழும்பிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில், "மாமா, அம்மாவைச் சுடுவெயிலில் றோட்டில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வந்த விலைக்குக் கொடுங்கள். நான் வாடகைக் காருக்குப் பணம் அனுப்புகிறேன்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா எதுவும் பேசவில்லை. கொழும்புக்காரர் பொனற்றைத் தட்டிப் பார்த்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார்.

விற்பதற்கு முன் ஒருவரிடம் காட்டுவோம் என்று காத்தான்குடியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்தேன். எழுபதைக் கடந்தவர், வாகன வயரிங் ஒன்றையே தொழிலாகக் கொண்டவர். கைவினைஞரை 'பாஸ்' என்று விளிப்பது எங்கள் நாட்டு வழக்கம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. ஊரில் அவர் 'வயரிங் பாஸ்'. நான் காக்கா என்பேன். தன் பெயரை எழுத வேண்டாம் என்றதால் எழுதவில்லை. நாவற்குடாவுக்கும் காத்தான்குடிக்கும் இடையில் மஞ்சந்தொடுவாய் மட்டும்தான் இருக்கிறது. 1990 இல் அந்தச் சிறு தூரம் ஒருவரும் கடக்கத் துணியாத தூரமாகிவிட்டதையும், அதற்கு முன்னரும் பின்னரும் அத்தானின் காரை இவரே பார்த்து வந்ததையும் அன்று பேசிக்கொண்டோம்.

காக்கா எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "சேர், ஒரு கடதாசி தாங்க" என்றார். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். விசிறியைப் போடச் சொல்லிவிட்டு, காரின் முன் கிறில்லுக்கு எதிரே அந்தத் தாளைப் பிடித்தார். விசிறி றேடியேற்றருக்குப் பின்னால் இருப்பதால் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். தாள் கிறில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது ஒட்டவில்லை. வெளிநோக்கிப் பறந்து முற்றத்தில் விழுந்தது.

"ஃபேன் சுத்துதா எண்டு எல்லாரும் பாத்திருக்காங்க. காத்து எந்தப் பக்கம் போகுது எண்டு ஒருத்தரும் பாக்கல்ல" என்றார் காக்கா.

விசிறி தலைகீழாகச் சுழன்று, எஞ்சின் பகுதியின் சூடான காற்றை றேடியேற்றர் ஊடாக முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. கார் ஓடும்போது முன்னிருந்து வரும் காற்றோடு அது மல்லுக்கட்டியது. விசிறியை நிறுத்தினால் ஊசி இறங்கியதன் மர்மம் இதுதான். அதன் இதழ்கள் ஒரு திசைச் சுழற்சிக்கென்றே வளைக்கப்பட்டவை. ஆதலால் தலைகீழாகச் சுழன்றபோது தள்ளிய காற்றின் அளவும் குறைவு.

ஏன் தலைகீழாகச் சுழன்றது? காரின் இரும்பு உடலையே மின்னோட்டத்தின் ஒரு வழியாகப் பயன்படுத்துவது எல்லாக் கார்களிலும் உள்ள முறை. அதையே 'எர்த்' என்கிறோம். இன்றைய கார்களில் பற்றறியின் மறைமுனை உடலோடு இணைந்திருக்கும். ஆனால் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரை பெரும்பாலான ஆங்கிலேயக் கார்களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. துரு குறையும் என்பது போன்ற நம்பிக்கைகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. எங்கள் கார் அந்தக் காலத்தது. அதன் உடலே 'பிளஸ்'.

பழைய காரின் ஸ்ராட்டர் மோட்டாரும் வைப்பர் மோட்டாரும் காந்தச் சுருள் கொண்டவை. முனைகளை மாற்றினாலும் ஒரே திசையில் சுழல்பவை. விளக்குகளுக்கும் முனை பேதமில்லை. ஆனால் யப்பானிய மின்விசிறியின் மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. அதில் முனை மாறினால் திசை மாறும். கராஜில் வழக்கம்போல் கறுப்பு வயரை உடலிலும், மற்றையதைச் சுவிச்சிலும் கொடுத்திருந்தார்கள். தொண்ணூற்றொன்பது கார்களில் சரியாக இருக்கும் வேலை இந்த ஒன்றில் தலைகீழாயிற்று.

பியூஸ் போனதற்கும் காரணம் அதுவே. காக்கா வீசப்பட்ட றிலேயைத் தேடி எடுத்துக் காட்டினார். அதன் மூடியில் 30, 85, 86, 87 என்ற எண்களோடு ஒரு சிறிய டயோட்டின் குறியும் இருந்தது. சுருளிலிருந்து எழும் மின்னதிர்ச்சியை விழுங்குவதற்காக உள்ளே வைக்கப்படும் டயோட்டு அது. நேர்முனை 86 இல் வந்தால் அது அமைதியாக இருக்கும். மாறி வந்தால் மின்சாரத்துக்குத் திறந்த வாசலாகிவிடும். உடனே குறுஞ்சுற்று; உடனே பியூஸ் உருகும். றிலேயில் பழுதில்லை. "முனை மாறியிருக்கிறது" என்று அது உருக்கிய பியூஸ்களால் சொல்லிக்கொண்டேயிருந்தது. கேட்பாரில்லை.

அத்தோடு விடவில்லை காக்கா. விசிறி ஓடிக்கொண்டிருக்கையில் மீற்றரை எடுத்துப் பற்றறி முனைகளில் அளந்தார்: 12.2 வோல்ற்று. விசிறியின் முனைகளில் அளந்தார்: 9.9 வோல்ற்று. இடையில் 2.3 வோல்ற்று எங்கே போயிற்று? மீற்றரின் ஒரு கம்பியை விசிறியின் உடலோடு இணைந்த வயரிலும், மறு கம்பியைப் பற்றறியின் உடல்முனையிலும் வைத்தார். 1.9 என்று காட்டியது. எர்த் வழியில் இழப்பு. கராஜில் எர்த் வயரைப் பூட்டிய ஆணி, வர்ணம் பூசிய தகட்டின்மேல் இருந்தது. வர்ணத்துக்குக் கீழே 2004 இல் உப்புநீர் தொட்ட துரு. பத்து அம்பியர் ஓடும் வயரில் ஓமின் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே இரண்டு வோல்ற்று போய்விடும். சோதனை விளக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. சிறிய விளக்கு எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவென்பதால் துருவின் ஊடாகவும் அது பிரகாசமாக எரியும். பாரம் இழுக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். வாவி ஒருபுறமும் கடல் மறுபுறமுமாக உள்ள எங்கள் ஊரில் இதை ஒவ்வொரு வாகனக்காரரும் அறிந்திருக்க வேண்டும்.

பிறகு நடந்தது அரை நாள் வேலை. மோட்டாரின் உலோக உறைக்கும் அதன் இரு வயர்களுக்கும் தொடர்பில்லை என்பதை முதலில் மீற்றரால் உறுதிசெய்தார். தொடர்பிருந்தால் வயரை மாற்றியதும் உறையே குறுஞ்சுற்றாகிவிடும். பின்னர் இரு வயர்களையும் இடம் மாற்றினார். எர்த்துக்குத் தகட்டை நம்பாமல், பற்றறியின் உடல்முனை வரைக்கும் தடித்த வயர் ஒன்றை இழுத்தார். டயோட்டு இல்லாத றிலே ஒன்றை வைத்து வெப்பச் சுவிச்சை மீண்டும் இணைத்தார். மின்னிணைப்பைச் சாவியின் வழியாகவே கொடுத்தார். இல்லாவிட்டால் காரை நிறுத்திய பின்னும் விசிறி ஓடிப் பற்றறியை வற்றச் செய்துவிடும். விசிறிக்கெனத் தனிப் பியூஸும் வைத்தார். இப்போது விசிறியின் முனைகளில் 11.8 வோல்ற்று. நாட்காட்டித் தாள் கிறில்லில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது.

ஓர் எச்சரிக்கையும் தந்தார். இந்தக் காரின் டைனமோ உச்ச வேகத்திலேயே 22 அம்பியர்தான் தரும். எஞ்சின் நின்று முனகும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஆகவே, நெரிசலில் நிற்கும்போது விசிறி உண்பது பற்றறியின் சேமிப்பை. இரவில் முன்விளக்குகளும் சேர்ந்தால் சேமிப்புச் சீக்கிரம் கரையும். பகலில் கிளினிக்குக்குப் போய்வர இது போதும். இரவு நெரிசலில் மணிக்கணக்காக நிற்கக் கூடாது.

"முழுக் காரையும் மைனஸ் எர்த்துக்கு மாற்றினால் என்ன?" என்று கேட்டேன். மாற்றலாம் என்றார். பற்றறியைத் திருப்பி, டைனமோவுக்குக் கணநேர மின்தொடுப்புக் கொடுத்து அதன் காந்தத்தைத் திருப்பி, கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றினால் முடிந்தது. "ஆனா இப்ப என்னத்துக்கு? கார்ல பிழை இல்ல. கார் எப்படி எண்டு சொல்ல ஆள் இல்லாமப் போனதுதான் பிழை."

பிறகு அவர் பொனற்றின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் துடைத்து, நகத்தால் மெல்லச் சுரண்டினார். சில ஆண்டுகளுக்கு முன் காருக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தோம். அந்த வர்ணத்தின் கீழிருந்து வெள்ளை எழுத்துகள் எட்டிப் பார்த்தன. 'பிளஸ் எர்த்' — அத்தானின் கையெழுத்து. தனக்குத் தெரிந்த விடயத்தை அவர் தனக்காக எழுதியிருக்க மாட்டார். பிறகு வருபவருக்காக எழுதியிருக்கிறார். வர்ணக்காரரின் தூரிகை அதன்மேல் அழகாகப் போயிருந்தது.

அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து அந்த எழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தம்பி, அதை அழிச்சுப் போடாதேங்கோ" என்றார். அன்றிரவு மருமகனுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். விற்பதைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை. மாறாக, "அப்பா வேறு என்னென்ன எழுதி வைத்திருக்கிறார், மாமா?" என்று கேட்டிருந்தான். அடுத்த கிளினிக் நாளில் அரசடிச் சந்தியில் இருபது நிமிடம் நின்றோம். றிலே 'டிக்' என்றது, விசிறி ஓடியது, ஊசி பாதியைத் தாண்டவில்லை. அக்கா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்களில் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. பழைய வண்டியின் இயல்பை அறிந்தவர்கள்தாம் அருகிவிட்டார்கள். சிலர் காலமானார்கள், பலர் மத்திய கிழக்குக்கும் மேற்கு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் தலையில் இருந்த அறிவும் அவர்களோடு போயிற்று. எஞ்சியவர்கள் புதிய கார்களின் வழக்கத்தைப் பழைய கார்களின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள்; பொருந்தாதபோது கார் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆறு இலட்சம் ரூபாவும் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் எஞ்சினும் இரண்டு வயர்களின் இடமாற்றத்தில் தப்பின. தப்பாமல் இரும்புக் கடைக்குப் போனவை எத்தனையோ!

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கார், பழைய தண்ணீர்ப் பம்பு, பழைய தையல் இயந்திரம் எதுவானாலும் சரி, அதன் போக்கை அறிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதை எழுதி அந்தப் பொருளின்மேலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் பொனற்றின் உட்புறத்தில் அத்தானின் எழுத்துக்குக் கீழே இப்போது இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன: விசிறி வயர்களின் நிறங்கள், றிலேயில் டயோட்டு இருக்கக் கூடாது என்ற குறிப்பு. காக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.